அறுபதில் அணையும் மாடி

போன மாதம் என் பொரிப்புப் பெட்டியில் வைத்த முட்டைகளில் ஒன்றுகூடக் குஞ்சாகவில்லை. தீவனம் வாங்கப் போயிருந்த நேரத்தில் கரண்ட் போயிருக்கிறது. திரும்பி வரும்போது கீழே அண்ணனின் செல்போன் கடைப் பலகை சிவப்பும் நீலமுமாக மின்னிக்கொண்டிருந்தது. மாடிக்குப் போனால் விளக்கு இல்லை, விசிறி இல்லை, பெட்டிக்குள் சூடு இல்லை. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்தேன். அலகு, நகம் எல்லாம் வந்திருந்தது. மற்றதை உடைக்க மனசு வரவில்லை.

இன்வெர்ட்டரில் கோளாறு எதுவும் இல்லை. அது சொன்னபடி கேட்டது, அவ்வளவுதான். சொன்னவன் என் அண்ணன். பேட்டரி அறுபது சதவீதத்துக்கு இறங்கியதும் மாடி லைனைத் துண்டித்துவிட வேண்டும், மிச்சம் முழுக்கக் கடைக்கு என்று மெக்கானிக்கிடம் செட்டிங் வைக்கச் சொல்லியிருந்தான். வீட்டை அப்பா எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகத்தான் விட்டுப் போனார். பேட்டரியில் பாதி நான் வாங்கிப் போட்டது. ஆனால் மெக்கானிக் வந்த அன்று அண்ணன் பக்கத்தில் நின்றான், நான் மாடியில் முட்டை திருப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவன் சொன்னது சட்டமாகிவிட்டது.

அந்தச் சட்டத்தை மெக்கானிக் ஒரு மெமரி கார்டிலும் போட்டுக் கொடுத்திருந்தான். செட்டிங் எப்போதாவது கலைந்துபோனால் கார்டைச் செருகி மீட்கும் பொத்தானை அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். எந்த லைன் எப்போது எவ்வளவு இழுத்தது என்ற பதிவு வேண்டுமானால் சேமிக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். நகத்தளவு கார்டு. அண்ணன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஊரையே எழுதி வாங்கிய பத்திரம் மாதிரி அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

குஞ்சுகள் செத்த அன்றே அவனிடம் கேட்டேன். என் பெட்டிதான் கரண்டை உறிஞ்சுகிறது என்றான். பலகை அணைந்தால் கடை மூடிவிட்டதென்று நினைத்து ஆட்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களாம். பயம் நியாயமானதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் பயத்துக்கு என் குஞ்சுகளா விலை?

அடுத்த ஈடு பொரிக்க வேண்டிய நாளும் வந்தது. அன்றைக்கென்று பார்த்து, மதியத்திலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது என்று அறிவிப்பு. முட்டைகளுக்குள்ளிருந்து கீச் சத்தம் காலையிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டது. காதை வைத்துக் கேட்டேன், நேராகக் கீழே இறங்கிப் போனேன். மாடிப்படிக்கு அடியில் இருக்கிற இன்வெர்ட்டரின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டி, மாடி லைனின் அறுபதை இருபதாக்கினேன். அண்ணி வாளியோடு வந்து நின்று பார்த்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?" என்றாள்.

"தெரியணும்னுதான் பட்டப்பகல்ல செய்யறேன் அண்ணி."

கால் மணி நேரத்தில் அண்ணன் குதித்துக்கொண்டு வந்தான். அறுபதை மீட்பதற்கு முன்னால், கரண்டைத் தின்பது யாரென்று எல்லாருக்கும் காட்டப் போகிறேன் என்றான். கார்டைச் செருகிச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினான். பதிவோடு சேர்த்து இப்போதைய செட்டிங்கும் கார்டில் ஏறும், அதில் இருக்கிற பழைய செட்டிங் அழிந்துவிடும், சரியா என்று திரை கேட்டது. நான் படித்துவிட்டேன்.

"அண்ணே, அது என்ன கேக்குதுன்னு படிச்சுப் பாரு."

"எனக்கே சொல்லித் தர்றியா? நாள்பூரா இதுதான் என் வேலை."

உண்மைதான். வாடிக்கையாளர்களின் போனில் நாள்பூராவும் எதையும் படிக்காமல் சரி, சரி, சரி என்று தட்டிப் பழகிய கட்டைவிரல் அது. இங்கேயும் தட்டியது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று.

கடைக் கம்ப்யூட்டரில் பதிவைத் திறந்தான். லைனுக்கு ஒரு கோடாக வரைபடம் விரிந்தது. அண்ணியும் நானும் பின்னால் நின்றோம். மாடி லைன் கொஞ்சம் இழுக்கும், ஓயும், மறுபடி இழுக்கும். சூடு தேவைப்படும்போது மட்டும் பெட்டி கரண்ட் எடுக்கும். கடை லைன் மட்டும் ஒரே உயரத்தில் நீட்டி நிமிர்ந்து போனது. கடை பூட்டிக்கிடந்த விடுமுறை நாளிலும் அப்படித்தான். பூட்டிய கதவுக்கு மேலே பலகை ஜம்மென்று எரிந்திருக்கிறது. அண்ணி வாசலுக்குப் போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அண்ணன் அசரவில்லை. பலகை விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, இன்வெர்ட்டருக்குத் திரும்ப வந்து கார்டைச் செருகி மீட்கும் பொத்தானை அழுத்தினான். செட்டிங் மீட்கப்பட்டது என்று திரை சொன்னது. கார்டைச் சட்டைப்பையில் போட்டு ஒரு தட்டு தட்டிக்கொண்டான்.

மதியம் கரண்ட் போனது. நான் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு முட்டையில் கீறல் விழுந்திருந்தது. செட்டிங் பற்றித் தெரிந்திருந்தும் பயம் விடவில்லை. கீழே அண்ணன் இன்வெர்ட்டர் திரையில் பேட்டரி சதவீதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரியும். அவ்வப்போது படியேறி எட்டிப் பார்த்தான். பேட்டரி அறுபதைத் தாண்டி இறங்கியது. பெட்டி விளக்கு எரிந்தது. திடுதிடுவென்று இறங்கிப் போய்க் கார்டை மறுபடி செருகி மீட்டான். விளக்கு அப்போதும் எரிந்தது. நான் இறங்கி அவன் பக்கத்தில் போய் நின்றேன்.

"கார்டுல உன் செட்டிங் இல்ல அண்ணே. காலையில நீயே சரின்னு சொல்லி அழிச்சிட்ட. இப்ப அதுல இருக்கறது என்னோடது."

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், எழுத்து ஏதோ வெளியே ஒட்டியிருப்பது போல.

"மெக்கானிக்கைக் கூப்பிடறேன்."

"தாராளமா கூப்பிடு. இந்தத் தடவை நானும் பக்கத்துல நிப்பேன். அவர் அறுபதுன்னு வச்சா, அவர் வாசல் தாண்டுறதுக்குள்ள நான் இருபதுன்னு மாத்துவேன். நீ மாத்து, நான் மாத்தறேன். யாருக்கு முதல்ல விரல் வலிக்குதுன்னு பார்த்துடலாம்."

கடைக்குள் போய்ப் பலகை சுவிட்சை அணைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்தச் சுவிட்சில் நான் கை வைத்தது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. உள்ளேயிருந்து வந்த அண்ணி, கடை திறந்திருப்பது தெரிய ஒரு நாற்காலியை வாசலில் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் பெட்டி நிறைய ஈரக் குஞ்சுகள். உடைந்த ஓடுகளுக்கு நடுவே ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. கண் கலங்கியது, துடைக்கவில்லை. அண்ணன் மாடி அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். கை தன்னால் சட்டைப்பைக்குப் போய்க் கார்டைத் தொட்டது. நான் அதைக் கேட்கவில்லை. அவனே வைத்துக்கொள்ளட்டும். என் இருபதைத்தானே சுமந்துகொண்டு திரிகிறான்.