சந்தனம் அடைத்த துளை

தாரிகாவுக்கும் வாகீசனுக்கும் கலியாணமான நாள் முதல் வந்த பெரிய சண்டைகள் எல்லாம் கணினியைப் பற்றியவைதான். வேறு வீடுகளில் நகை, காணி, மாமியார் என்று பிடுங்குப்படுவார்கள். நீர்வேலியில் இந்த வீட்டில் மட்டும் கணினிக்கு எத்தனை துளை வேண்டும், திரை கறுப்பா வெள்ளையா என்று வாதாடி முடிவதற்குள் சோறு ஆறிப்போய்விடும்.

தாரிகாவின் மடிக்கணினி கொப்பி மட்டை போல மெல்லியது. பக்கவாட்டில் ஒரேயொரு துளை. மின்சாரம் ஏறுவதும் அதன் வழியாகத்தான், மற்றதெல்லாம் போய்வருவதும் அதன் வழியாகத்தான். வாகீசனுடையதோ மேசைக்கு அடியில் குந்தியிருக்கும் பழைய பெட்டி. முதுகு முழுக்கத் துளைகள். திரைக்குப் போகும் வயரின் நீல முனையை இரண்டு பக்கமும் திருகிப் பூட்ட வேண்டும்.

“பூட்டினால் மாடு இழுத்தாலும் கழராது,” என்பான் வாகீசன். “உம்மடையது ஒரு வாசல் வீடு. அது அடைபட்டால் எதாலை போவீர்?”

“நீங்கள் உங்கடை மியூசியத்துக்கு ரிக்கற் அடியுங்கோ,” என்பாள் அவள்.

திரை விஷயம் இன்னும் மோசம். வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே தாரிகாவுக்கு ஒற்றைத் தலையிடி கிளம்பிவிடும். அதனால் எல்லாவற்றையும் டார்க் மோட்டில் வைத்திருப்பாள். வாகீசனுக்கு அதைக் கண்ணிலும் காட்டக் கூடாது. “கறுப்பிலை வெள்ளை எழுத்தெண்டால், விடியக் காலமை கண்ணீர் அஞ்சலி பாக்கிற மாதிரியெல்லோ கிடக்கு,” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குச் செயலிகளின் திரைகளை வடிவமைப்பது தாரிகாவின் வேலை. வீட்டிலிருந்து செய்து பார்க்கட்டும் என்று தற்காலிகமாக விட்டிருந்தார்கள். விஜயதசமியன்று காலை ஒன்பது மணிக்குப் புதிய வாடிக்கையாளர் ஒருவருக்கு அவள் தன் வடிவமைப்பைக் காட்ட வேண்டும். அது சரிவந்தால் நீர்வேலியிலேயே இருக்கலாம். சரிவராவிட்டால் கொழும்பு அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். தான் செய்யும் வாழைத்தோட்டத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாகீசன் பின்னால் போக முடியாது. ஆளுக்கொரு ஊரில் இருக்க வேண்டியதுதான்.

முதல்நாள் மாலை சரஸ்வதி பூசை. வேலை முடித்த கையோடு, சார்ஜ் அநேகமாக இறங்கியிருந்த மடிக்கணினியைக் கொண்டுபோய்ச் சாமியறையில் வைத்தாள். வைத்ததை விடியும்வரை எடுக்கக் கூடாது, காலையில் சார்ஜ் போடலாம் என்று நினைத்தாள். வாகீசன் தன்னுடைய விசைப்பலகையையும் மவுசையும் பக்கத்தில் வைத்தான். பெட்டியைத் தூக்க அவனுக்கு இடுப்பு இடங்கொடுக்கவில்லை. பிறகு பன்னீரில் சந்தனத்தைக் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தான்.

காலையில் பூசை முடிந்து, கதலிப் பழத்தைத் தின்றுகொண்டே தாரிகா சார்ஜர் வயரைச் செருகினாள். போகவில்லை. திருப்பிச் செருகினாள். ஊகூம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், துளைக்குள் சந்தனம் வழிந்து இறங்கிச் சீமெந்து போல இறுகியிருந்தது.

“இஞ்சருங்கோ! இதுக்குள்ளையோ பொட்டு வைச்சனீங்கள்?”

“மேல்மூடியிலை விரலடையாளம் பட்டாலே நீர் கத்துவீர். அதுதான் ஊத்தைப்படாமல் ஓரத்திலை வைச்சனான்,” என்றான் அவன். ஊசி தேடிக்கொண்டு வந்தான்.

“குத்தாதேங்கோ! உள்ளுக்கை உடைஞ்சிடும்!”

அதற்குள் சார்ஜ் தீர்ந்து மடிக்கணினி கண்ணை மூடிவிட்டது. செய்த வேலை இணையத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் கைபேசியில் அதை ஒழுங்காகக் காட்ட முடியாது. தாரிகாவுக்கு அழுகை வந்தது. அவள் வாகீசனை வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவன் சாமியறையிலிருந்து விசைப்பலகையையும் மவுசையும் எடுத்துவந்து பழைய பெட்டியில் பொருத்தினான்.

“இதிலை வந்து இரும்.”

“அந்த வெள்ளை வெளிச்சத்துக்கு முன்னாலை இருந்தால் தலையிடியோடை நான் என்னத்தைக் கதைக்கிறது?”

“இரும் எண்டுறன்.”

திரை ஒளிர்ந்தது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. வாகீசன். தாரிகா. அவள் தன் பெயரை அழுத்தினாள். கறுப்புத் திரை. மெல்லிய சாம்பல் எழுத்துகள். அவள் பாவிக்கும் வரைகலை மென்பொருள் ஓரத்தில் தயாராக இருந்தது.

“இது எப்ப செய்தனீங்கள்?”

“கலியாணம் முடிஞ்ச கிழமை. உம்மடை பழுதுபட்டால் அந்தரிக்கக் கூடாதெண்டு. இடைக்கிடை திறந்து எல்லாம் ஓடுதோ எண்டு பாக்கிறனான்.”

“அந்தக் கண்ணீர் அஞ்சலிக்கு முன்னாலை இருந்தோ?”

“ஓம். என்ன செய்யிறது?”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் மியூசியமெண்டு சிரிப்பீர்.”

ஒன்பது மணிக்குக் கூட்டம் தொடங்கியது. வாகீசன் திரைக்கு மேலே மாட்டியிருந்த பழைய கமெராவில் அவள் முகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. ஆனால் தாரிகாவின் குரல் தடுமாறவில்லை. திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள். வாடிக்கையாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். முடிவில் கொழும்பு மேலதிகாரி, “நீங்கள் அங்கேயே இருந்து செய்யுங்கள்,” என்றார்.

வாகீசன் கதவுக்குப் பின்னால் கட்டியிருந்த சாரத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தான். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது.

“நன்றியப்பா,” என்றாள் தாரிகா.

“என்ன, பிறத்தியாருக்குச் சொல்லுற மாதிரி?” அவனுக்கு வெட்கமாகிவிட்டது.

கண்ணில் காட்டவே பிடிக்காத அந்தக் கறுப்பை அவன் தனக்காக எத்தனை தரம் திறந்து பார்த்திருப்பான் என்று அவள் நினைத்துப் பார்த்தாள். சாமியறைக்குப் போய், கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு வந்து அவன் நெற்றியில் வைத்தாள்.

“இதிலை ஓட்டை இல்லை,” என்றாள். “பயப்படாமல் வைக்கலாம்.”