இறுக்கிய தையல்

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நான் வரலக்கா," என்றாள் மோகனா. "கைதான் தேறிப்போச்சே. எதுக்குப் பேஜாரு?"

ஜோதியின் கையில் இருந்த ஊசி அப்படியே நின்றது.

பேரணாம்பட்டில் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவரும். ஏஜென்ட் மக்பூல் அகமது பாய் ஆம்பூர் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போடுகிற ஷூ மேல்தோல்களைக் கையால் தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. மோகனாவுக்கு வலது கை வலித்தபோது, தைக்கிறவளுக்குக் கை வலிக்காமல் இருக்குமா என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். விரல் மடங்காமல் போன பிறகுதான் வேலூரில் பார்த்து மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார்கள். நரம்பின் உறையை அரிக்கிற நோயாம். மருந்து ஒரு பக்கம், பிசியோதெரபி ஒரு பக்கம்.

"நோயே போய்டும்னு சொல்லமாட்டேன்," என்றிருந்தாள் பயிற்சி கொடுக்கிற ஹெலன். "தோளை நீட்டி மடக்கி, விரலுக்கு வேலை கொடுத்துக்கிட்டே இருந்தா வலி கம்மியாகும், கை புழங்கும். விட்டுட்டா இறுகிப்போய்டும். வீட்ல தைக்கட்டும், நடுநடுவுல ஓய்வெடுத்து."

மோகனா தைத்தாள். தையல் தொளதொளவென்று கிடந்தது. பாய் திருப்பிவிட்டால் மனசு விட்டுப்போவாளே என்று, அவள் குளிக்கப்போகிற நேரம் பார்த்து ஜோதி ஒவ்வொரு தையலாக நூலை இழுத்து இறுக்கிவைத்தாள். பாய் எடுத்துப் பார்த்தார். "மாஷா அல்லா, மோகனாம்மா கை பழையபடி வந்துடுச்சே!" அன்றைக்கு மோகனா சிரித்த சிரிப்பு ஜோதிக்கு இனித்தது. இப்போது ஜோதி ஊசியைக் கீழே வைத்தாள்.

"கை தேறலடி," என்றாள்.

"பாயே சொன்னாரு!"

"பாய் பார்த்தது என் இழுப்பு. நீ குளிக்கப் போறப்பல்லாம் நான்தான் நூலை இழுத்து இறுக்கி வெச்சேன்."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"கை வந்துடுச்சுன்னு தெருவெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே. நீயும் நின்னு கேட்டுக்கினுதானே இருந்தே?"

"இருந்தேன்."

"வயிறெரிஞ்சவ கெடுத்தா திட்டித் தீத்துக்கலாம். நீ பாசம் வெச்சில்ல கெடுத்துட்டே. உன்னை இன்னான்னு திட்றது?"

"ஏதாவது சொல்லித் திட்டுடி."

மோகனா அன்றைக்குத் தைத்த, ஜோதி இன்னும் இறுக்காத தோலை எடுத்து விரலால் நெம்பினாள். தையல் வாயைப் பிளந்தது. தானே இறுக்கப் பார்த்து நூலைப் பிடித்து இழுத்தாள். வலியில் முகம் சுருங்கியது. ஜோதியின் கை தானாக நீண்டது.

"தொடாதே."

நீண்ட கையை மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள் ஜோதி.

கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு மோகனா தோலைப் பைக்குள் போட்டாள். "இப்படியே கொண்டுபோய் ஹெலன் மேடம்கிட்ட காட்டப்போறேன்."

"நானும் வர்றேன்."

"வந்துதான் ஆகணும். கை நல்லாயிருக்குன்னு போனவாட்டி நான் சொன்னப்போ, பக்கத்துலயே குந்திக்கினு ஏன் வாயை மூடியிருந்தேன்னு நீயே அவங்களுக்குச் சொல்லு."

"சொல்றேன்," என்றாள் ஜோதி.