விஸ்வலிங்கம் சாரின் வெளிச்சம்

மனித குலத்தின் வரலாறு என்பது இருளை வென்ற வரலாறே என்று, ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி திரு. விஸ்வலிங்கம் தமது தாமான் என்னும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வியாழக்கிழமை எழுதினார். புதன்கிழமை மாலை அவருடைய வண்டி தாமான் வாசலிலேயே சாக்கடைக்குள் இறங்கியிருந்தது.

குற்றம் விளக்கின் மேல் என்று முடிவானது. ஓட்டியவரைச் சந்தேகிக்கும் பழக்கம் முப்பத்திரண்டு வருட அரசாங்க சேவையில் அவருக்கு ஏற்பட்டிருக்கவில்லை.

வண்டி எஸ்.யூ.வி. ஏழு பேர் உட்காரலாம். அவரும் மனைவி சந்திரமதியும் உட்காருவார்கள். அதை செமோர் ஊரில் மெக்கானிக் சீனியின் கடைக்குக் கொண்டுபோய், "இருப்பதிலேயே வெளிச்சமான எல்.இ.டி. போடும்" என்றார்.

"சார், இந்த லைட்டு கூடு பழைய பல்புக்கு செஞ்சது. ரொம்ப பவர் போட்டா எதிர்ல வர்றவன் கண்ணு அவிஞ்சிரும். அளவாத்தான் போடுவேன்லா."

"அளவு எனக்குத் தெரியும். நீர் வேலையைப் பாரும்."

சீனி வேலையைப் பார்த்தார். கடையின் பின்சுவரில் கறுப்பு டேப்பால் ஒரு கோடு ஒட்டியிருந்தது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பி, வெளிச்சத்தின் மேல்விளிம்பை அந்தக் கோட்டில் உட்கார வைத்தார்.

"கோட்டுக்கு மேல போகாது சார். தூரத்துக்கு அடிக்கணும்னா ஸ்டீயரிங் பக்கத்துல உள்ள குச்சியைத் தள்ளுங்க, மீட்டர்ல நீல லைட்டு எரியும். எதிர்ல வண்டி வந்தா இறக்கிடுங்க."

வாக்கியம் முடிவதற்கு முன்பே விஸ்வலிங்கம் தலையசைத்துவிட்டார். அதிகாரியாக இருந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

மறுநாள் காலை கோயில் வாசலில் வண்டிக்குப் பூசை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். புது வெளிச்சத்தைக் குருக்களுக்குக் காட்டியே ஆக வேண்டுமென்று, பத்து மணி வெயிலில், கைக்கு அகப்பட்ட குச்சியையெல்லாம் தள்ளினார், இழுத்தார். கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சியது. குருக்கள் கண்ணைப் பொத்திக்கொண்டு, போதும் சார் என்றார். ஸ்டீயரிங்கில் ஒரு பொட்டு வைத்தார். அது விஸ்வலிங்கத்துக்குப் போதவில்லை. சந்தனக் கிண்ணத்தைத் தாமே வாங்கி, மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஐம்பது காசு அகலத்துக்கு ஒன்று அப்பி, நடுவில் குங்குமத்தையும் அழுத்தினார்.

"இஞ்சேருங்கோ, அது எதையாவது மறைக்காதோ?" என்றார் சந்திரமதி.

"முள்ளு தெரியுது, போதும். நாற்பத்தெட்டு நாளைக்கு இதில ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

அன்று மாலையிலிருந்து ஈப்போ சாலையில் எதிரே வந்தவர்களெல்லாம் அவரைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். முதல் நாள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பழைய மாணவர்களாக இருக்கும் என்று மனைவியிடம் சொன்னார். இரண்டாம் நாள் ஒரு லாரிக்காரர் கையை வெளியே நீட்டிக் காட்டியது மாணவர்கள் காட்டக்கூடியது அல்ல. மூன்றாம் நாள் சிவப்பு விளக்கில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் இறங்கி வந்து, ஜன்னலைத் தட்டி, கண் குருடா என்று மலாய் மொழியில் கேட்டார்.

அன்றே விஸ்வலிங்கம் குழுவில் ஏழு நிமிடக் குரல் பதிவு போட்டார். ரப்பர் எஸ்டேட்டில் வளர்ந்தவனிடம் விஞ்ஞானத்தை ஒப்படைத்தது தன் பிழை என்பது அதன் சாரம். அதற்குக் கால் நிமிடம் ஆனது. மீதி தமது சேவைக் காலத்தைப் பற்றியது.

அத்தோடு விட்டிருக்கலாம். பள்ளி வேன் ஓட்டுநர் சங்கத்துக்கு அவர் ஆலோசகர். சங்கம் ஆலோசனை கேட்டதில்லை. அவர் கொடுக்காமல் இருந்ததும் இல்லை. பள்ளி விடுமுறையில் பதினான்கு வேன்களுக்கு விளக்கு மாற்றும் வேலை சீனிக்கு என்று முடிவாகி, அவர் பல்புகளை வரவழைத்து அலமாரி நிறைய அடுக்கி, வேறு வேலைகளைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். குரல் பதிவு அங்கேயும் போனது. சங்கச் செயலாளர் குமுதா, தானும் வேன் ஓட்டுபவர், சீனியைக் கூப்பிட்டார்.

"அண்ணே, சார் இப்பிடி சொல்றாரு. பிள்ளைங்க ஏர்ற வண்டி. நான் என்னா செய்ய? நாளைக்கு ஏழு மணிக்கு சாரையும் வரச் சொல்லிட்டேன். கண்ணால பாத்தாதான் வேலைய குடுப்பேன்லா."

ஒன்பதாம் நாள் மாலை ஏழு மணி. எஸ்.யூ.வி. பின்சுவரைப் பார்த்து நின்றது. விஸ்வலிங்கம் ஸ்டீயரிங்கில், பக்கத்தில் சந்திரமதி, வெளியே ஜன்னலோரம் குமுதா. விளக்கைப் போட்டார். வெளிச்சம் கறுப்புக் கோட்டை மதிக்காமல் தாண்டி, கூரைத் தகரம் வரை ஏறி, அங்கே தூங்கிக்கொண்டிருந்த புறாக்களை எழுப்பியது.

"பார்த்தீரா?" என்றார் விஸ்வலிங்கம்.

சீனி திருகைப் போய்ப் பார்த்தார். தான் வைத்த பெயிண்ட் அடையாளம் அசையாமல் இருந்தது.

"சார், ஹை பீம்ல இருக்கு. இறக்குங்க."

"இறக்கித்தான் இருக்கு! நீலம் எரியும் என்று நீர்தானே சொன்னீர்? வந்து பாரும், எரியுதா?"

சீனி ஜன்னல் வழியாகப் பார்த்தார். நீலம் இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"அந்தப் பொட்டைக் கொஞ்சம் தொடைக்கணும் சார்."

"தொடாதேயும்! சாமி காரியத்தில கை வைக்கிறீரோ? உம்முடைய பிழைக்குச் சந்தனமா காரணம்? எஸ்டேட்டு வேலை எஸ்டேட்டு வேலைதான்!"

சீனி கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் எறிந்தார். அது குதித்துப்போய் வண்டியின் சக்கரத்தில் மோதி நின்றது.

"எஸ்டேட்டா? எங்கம்மா மாரியம்மா இருவது வருசம் நெத்தியில லைட்டு கட்டிக்கிட்டு ரப்பர் மரத்துல பால் வெட்டுனாங்க. வெளிச்சம் ஒரு இஞ்சு தள்ளி விழுந்தா கத்தி மரத்துல ஆழமா எறங்கிரும், கணக்கு எழுதுற கிராணி சம்பளத்தை வெட்டிருவான். வெளிச்சம் எங்க விழணும்னு எங்களுக்கா பாடம் நடத்துறீங்க? ஒம்போது நாளா ஊர்ல உள்ளவன் கண்ணையெல்லாம் அவிச்சிட்டு, என் பொழப்புலயும் மண்ணப் போட வந்திருக்கீங்களே, நீங்கெல்லாம் ஒரு படிச்ச மனுசனா? எறங்குங்க சார்! எறங்கி வந்து அந்தக் கோட்டைப் பாருங்க! அது இன்னும் அங்கேதான் இருக்கு!"

"மரியாதை! மரியாதை!" என்று விஸ்வலிங்கம் உள்ளிருந்தபடியே கத்தினார். சீட் பெல்ட்டை அவர் கழற்றவில்லை.

குமுதா வாயைத் திறப்பதற்குள் சந்திரமதி தண்ணீர் போத்தலைத் திறந்து கைக்குட்டையை நனைத்தார். கணவருக்குக் குறுக்கே கையை நீட்டி, பால் பாத்திரம் துலக்குவதுபோல அழுத்தி இரண்டு தேய்ப்பு தேய்த்தார்.

நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. குமுதா ஜன்னலிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு, "அண்ணே, மொத வேன் திங்கக்கிழம வரும்" என்றார்.

"இப்பவாவது எறக்குங்க சார்" என்றார் சீனி.

விஸ்வலிங்கம் ஒருமுறை தொண்டையைச் செருமினார். கோப்பில் கையெழுத்துப் போடப்போகும் நிதானத்தோடு கையை நீட்டி, குச்சியை இறக்கினார்.

வைப்பர் ஓடியது.