முதல் அத்தியாயத்தில் சாகிறவள்

என்னைக் கொல்லப் போவதாக நத்தை வந்து சொன்னபோது, நான் ஒரு ஓய்வுபெற்ற நீதிபதியின் மேல்வரிசைப் பற்களை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தேன். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள், நான் பல் செட் செய்து கொடுப்பேன். அதுதான் என் தொழில். நத்தை என் பால்ய நண்பன். வீடியோ கேம் செய்கிறவன், சரியாகச் சொன்னால் செய்துகொண்டே இருக்கிறவன். இதுவரை மூன்று கேம் ஆரம்பித்தான், ஒன்றையும் முடித்த பாடில்லை. நத்தை என்று நான் அவனுக்குப் பெயர் வைத்தது பள்ளிக்கூட நாட்களில். அந்தப் பெயருக்கு அவன் ஒருநாளும் துரோகம் செய்ததில்லை.

"முதல் அத்தியாயத்துலயே செத்துடுவ. ரொம்ப நேரம் ஆகாது" என்றான்.

"யாரு, நானா?"

"நீ இல்ல பல்லு. உன்ன மாதிரி ஒருத்தி. ஹீரோவோட சின்ன வயசு ஃபிரண்டு. ரொம்ப அன்பானவ, ரொம்பப் பொறுமைசாலி."

"அப்ப என்ன மாதிரி இல்லையே."

பல்லு என்பது நான். சின்ன வயதில் நான் வருவதற்கு முன்னால் என் முன்பற்கள் இரண்டும் வந்து சேர்ந்துவிடும். பிறகு கம்பி கட்டி நேராக்கியாயிற்று, பெயர் மட்டும் நேராகவில்லை.

அவனுக்கு என் குரல் வேண்டுமாம். நிஜ நடிகை பிறகுதான் வருவாள், வெள்ளிக்கிழமைக்கு மட்டும் நான் பேசிக் கொடுத்தால் போதும் என்றான். வெள்ளிக்கிழமை ஒரு பெரிய கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வந்து முதல் அத்தியாயத்தை விளையாடிப் பார்ப்பாள். அவளுக்கு இரண்டாம் அத்தியாயம் ஆடத் தோன்றினால் கேம் பிழைக்கும். தோன்றாவிட்டால் நத்தையின் நாலு பேர் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு, அவன் அக்கா வீட்டுக்காரரின் டைல்ஸ் கடையில் போய் உட்கார வேண்டும். அக்கா அந்த நாற்காலிக்கு உறைகூடத் தைத்து வைத்துவிட்டாள். டைல்ஸ் கடை ஒன்றும் கேவலமில்லை. ஆனால் நத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"சரி, பேசித் தொலைக்கிறேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டுத் துணி அலமாரிக்குள் என்னை உட்கார வைத்தான். தொங்குகிற துணிகளுக்கு நடுவில் பேசினால் எதிரொலி வராதாம். அவனுடைய சட்டைகள் என் முகத்தில் உரச, கைபேசி வெளிச்சத்தில் வசனத்தைப் படித்தேன். 'ஒளியின் புதல்வனே! என் உயிர் பிரிந்தாலும் உன் வாளின் நுனியில் நான் வாழ்வேன்.' இப்படியே ஒரு பக்கம் போயிற்று.

"மார்ல அம்பு பாஞ்சவ இவ்ளோ பேசுவாளாடா?"

"உணர்ச்சியா பேசு."

"இந்தச் சட்டையெல்லாம் தோய்ச்சு எவ்ளோ காலமாச்சு? நாத்தம் கொல்லுது."

"பல்லு, ப்ளீஸ்."

"சரி, இவ ஏன் சாகணும்? அதச் சொல்லு."

"இவ செத்தாதான் அவன் கிளம்புவான். அவனுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

"நீ எப்பவாவது நான் செத்து கிளம்பியிருக்கியா?"

வெளியே நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்திருப்பான்.

அவன் கிளம்பிய கதை எனக்கல்லவா தெரியும். மூன்றாம் வகுப்பில் நான் மதில் ஏறி விழுந்து காலை உடைத்துக்கொண்டேன். இடுப்பு வரைக்கும் மாவுக்கட்டு. என் கையைப் பிடிக்காமல் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன் நத்தை. பையை மாட்டிக்கொண்டு என் கட்டிலை ஒட்டி நின்றான், நகர மாட்டேன் என்றான். 'தைரியமா இரு' என்றெல்லாம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கு அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும், அவ்வளவுதான். "போ, போயிட்டு வந்து சொல்லு" என்றேன். போனான். சாயங்காலம் ஓடி வந்து, தலைமை ஆசிரியரின் விக் காற்றில் பறந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்ததைச் சொன்னான். மாவுக்கட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தேன். "அப்புறம்?" என்றேன். அன்றிலிருந்து தினமும் போனான், தினமும் வந்து சொன்னான்.

கட்டுப் பிரித்து நான் பள்ளிக்கூடம் போனபோது பார்த்தேன். தலைமை ஆசிரியரின் முடி அத்தனையும் சொந்த முடி, எண்ணெய் வைத்துப் படிய வாரியது, புயல் வந்தாலும் அசையாது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று நத்தையிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் அலமாரிக்குள் இருக்கும்போதே, நத்தையின் சமையலறையில் ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"உள்ள யாரோ இருக்காங்க பல்லு" என்றான் கிசுகிசுப்பாக.

"பயந்துகிட்டு இங்கயே நிக்கிறியா? போ. போயிட்டு என்னன்னு வந்து சொல்லு."

போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அதுக்குள்ள வந்துட்டியா? ம், அப்புறம்?"

பக்கத்து வீட்டுப் பூனையாம். அது பூனையாகவே இருந்தாலும் அவன் சொன்ன அளவுக்குப் பெரிதாக இருந்திருக்காது. பிறகு கடைசி வசனத்துக்கு வந்து, உயிர் பிரிகிற இடத்தில் எனக்குத் தும்மல் வந்து, எப்படியோ முடித்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். பக்கத்தில் இருந்தால் போதும் என்று நத்தை கெஞ்சினான். செருப்புக் கடைக்கு மேலே ஒரே அறை, நாலு மேசை, ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு பீரோ. போகிற வழியில் கொடுத்துவிடலாம் என்று நீதிபதியின் பல் செட்டையும் டப்பாவில் எடுத்துப் போய் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் தடித்த கண்ணாடி போட்டிருந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள், விளக்கம் வேண்டாம் என்றாள், விளையாட ஆரம்பித்தாள்.

திரையில் ஒரு பாலம், அந்தப் பக்கம் பனிமூட்டம். இந்தப் பக்கம் தங்கக் கவசம் போட்ட ஹீரோ, எதிரே நீலச் சால்வை போர்த்திய தோழி. தோழி கண் கலங்க அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

"இந்தச் சட்டையெல்லாம் தோய்ச்சு எவ்ளோ காலமாச்சு? நாத்தம் கொல்லுது."

நத்தை சிலையானான். அவன் கம்பெனியில் ஒலி வேலை பார்ப்பவரை எல்லோரும் காது என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் காது தன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நடந்தது இதுதான். காது ஒலிப்பதிவை உட்கார்ந்து வெட்டுவதில்லை. பேச்சு நிற்கிற இடத்தில் தானாக வெட்டி, தோழி பேச வேண்டிய இடங்களில் நீளம் பார்த்துப் பொருத்திவிட ஒரு புரோகிராம் செய்து வைத்திருக்கிறார். நத்தை அலமாரிக்கு வெளியே ஒலிப்பதிவை நிறுத்தவே இல்லை. நான் திட்டியதெல்லாம் வசனமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. யாராவது ஒருதடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் 'ஒளியின் புதல்வனே' வசனத்தைப் படித்துப் படித்து நாலு பேருக்கும் அலுத்துப்போய், தோழி வந்தாலே பொத்தானை அழுத்தித் தாண்டிப் போவதுதான் அங்கே வழக்கம். எழுதியவன் உட்பட.

அந்த அம்மாள் தாண்டவில்லை. ஹீரோவின் கவசத்தை உற்றுப் பார்த்தாள். உதடு லேசாகக் கோணியது.

"பயந்துகிட்டு இங்கயே நிக்கிறியா? போ. போயிட்டு என்னன்னு வந்து சொல்லு" என்றாள் தோழி.

அம்மாள் ஹீரோவை நடத்திக்கொண்டு போனாள். பனிமூட்டத்துக்குள் ஏதோ ஒரு குட்டி அரக்கனை அடித்தாள். மேலே போக வழி திறந்து கிடந்தது. ஆனால் அவள் ஹீரோவைத் திருப்பிக்கொண்டு பாலத்தின் மேல் ஓடி வந்து தோழி முன்னால் நிறுத்தினாள்.

"அதுக்குள்ள வந்துட்டியா? ம், அப்புறம்?"

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். திரும்பப் போனாள், திரும்ப வந்தாள். அரக்கன், குகை, நதி என்று ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு, யாரும் கேட்காமலே, பாலத்துக்கு வந்து வந்து போனாள். தேநீர்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தாள். நத்தை என் முழங்கையைப் பிடித்திருந்தான், பல் டப்பா கடகடவென்று ஆடியது.

கடைசியில் அம்பு வந்தது. தோழி ஹீரோவின் மடியில் சரிந்தாள். சோக இசை எழும்பியது. "இரு, இரு, தும்மல் வருது" என்று சொல்லி, ஒரு பெரிய தும்மலைப் போட்டுவிட்டு, செத்துப்போனாள்.

சிரித்துச் சிரித்து அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தபோது திரையில் பாலம் காலியாக இருந்தது. 'இரண்டாம் அத்தியாயம்: பழி' என்று எழுத்து வந்தது. அவள் கையில் இருந்த கன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டது.

"இனிமே போயிட்டு வந்து யாருகிட்ட சொல்றது?" என்றாள்.

"மன்னிச்சுக்குங்க மேடம், அது தப்பான ரெக்கார்டிங்..." என்று நத்தை ஆரம்பித்தான். நான் மேசைக்கடியில் அவன் காலை நன்றாக மிதித்தேன்.

"தப்பா, சரியா, அது எனக்கு வேண்டாம். இவளக் கொல்லாம அவனக் கிளப்ப முடியாதா?"

நத்தை யோசித்தான். அவன் யோசித்து முடிப்பதற்குள் நீதிபதிக்கு இன்னொரு செட் செய்துவிடலாம்போல இருந்தது. கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல், மடியிலிருந்த பல் டப்பாவைப் பார்த்துச் சொன்னான்.

"முடியும் மேடம். என்னையே அப்படித்தான் கிளப்பினாங்க."

கேம் பிழைத்தது. தோழியும் பிழைத்தாள், நடிகையே வேண்டாமென்று அம்மாள் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நத்தை விமானம் ஏறி அவர்களுடைய ஊருக்கு வந்து, ஆரம்பித்ததை முடிக்கத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து, முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

சாயங்காலம் என் பட்டறைக்கு வந்து மேசையை ஒட்டி நின்றான். தோளில் பை.

"நான் போகல பல்லு. இங்கிருந்தே செஞ்சு அனுப்பிடறேன். அங்க எனக்கு யாரத் தெரியும்?"

இங்கிருந்தால் முடிக்க மாட்டான். எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், நாற்காலி உறைக்கும் தெரியும். ஆனாலும் 'போகாதே' என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. தினமும் வந்து நின்று கழுத்தறுக்கிறவன் போய்விட்டால், இந்தப் பற்களோடு நான் என்ன பேசுவேன்? அழுகை முட்டியது. குனிந்து, அச்சு வார்க்கிற பிளாஸ்டரைக் கரைக்க ஆரம்பித்தேன்.

"இன்னும் இங்கயே நிக்கிறியா? போ. போயிட்டு வந்து சொல்லு."

"கேம் வசனத்த என்கிட்டயே பேசாத."

"என் வசனம்டா அது. நான் பேசுவேன்."

போனான்.

இப்போது தினமும் வேலை முடித்துக் கூப்பிடுகிறான். நேற்றுக் கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது, சிரிப்பை அடக்க முடியவில்லை அவனால். அங்கே ஒரு மேனேஜராம். லிஃப்ட் கதவு மூடும்போது அவருடைய விக் இடுக்கில் மாட்டிக்கொண்டு, அவர் கீழே நிற்க, விக் மட்டும் ஏழாவது மாடிக்குப் போய்விட்டதாம்.

என் கையில் பிளாஸ்டர் இறுகிக்கொண்டிருந்தது. அந்த மேனேஜருக்குத் தலை நிறைய சொந்த முடி இருக்கும், எனக்குத் தெரியாதா?

"அப்புறம்?" என்றேன்.