மகளைப் போல ஒருத்தி

"காப்பி குடிச்சீங்களாப்பா?" என்று போனில் கேட்டுக்கொண்டே மோகனப்பிரியா கார்க் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், முப்பதடி தூரத்தில், புங்கமரத்து நிழலில் அப்புசாமி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பட்டன் போனை இரண்டு கைகளாலும் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

"குடிச்சேன் கண்ணு. சக்கரைதான் கம்மி. நீ எங்கிருக்கற?"

"ஆபீஸ்லப்பா."

"வெரசா ஊட்டுக்குப் போ. மழ வர்றாப்பல இருக்குது."

மழை வரும் அறிகுறியே இல்லை. காரமடைச் சாலையில் வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஏசியை நிறுத்தினால் கார் வேகும். போட்டால் இன்ஜின் சத்தம் போனில் அவருக்குக் கேட்கும். கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவரை அந்த முதியோர் இல்லத்தில் சேர்த்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. தினமும் நான்கு மணிக்கு இதே இடம். உள்ளே மட்டும் போவதில்லை. போனால் அவர் பயந்துவிடுவார்.

எல்லாம் போன ஆவணியில் ஒரு காலையில் தொடங்கியது. துடியலூர் வீட்டில் அவள் காப்பியை நீட்டினாள். அவர் டம்ளரை வாங்காமல் அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க? என்ற புள்ள எங்கீங்க?"

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். முப்பத்தொன்பது வருடத்தில் அவளிடம் ஒருநாளும் 'ங்க' போடாத மனிதர்.

அப்புசாமி கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயில்லா ஜீவனைப் பார்த்துப் பார்த்தே நோவு எதுவென்று சொல்லிப் பழகிய கண். அந்தக் கண்ணால் அவளை நாள் முழுக்க ஆராய்ந்தார். ஒருநாள் அவள் கணவன் கிருபாசங்கரைத் தனியாகக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "மாப்ள, இது நம்ம புள்ள இல்லீங்க. எல்லாம் சரியாத்தான் செஞ்சிருக்காங்க. கழுத்துல மச்சங்கூட வெச்சிருக்காங்க. ஆனா இவ வேற."

அன்று குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று மோகனப்பிரியா அந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். தேய்த்தும் பார்த்தாள். அது போகவில்லை என்பதில் ஏனோ ஒரு நிம்மதி.

அவர் வீடு பூராவும் மகளைத் தேடினார். பீரோவைத் திறந்து பார்த்தார். கட்டிலுக்கடியில் குனிந்து, "மோகனா, கண்ணு" என்று கூப்பிட்டார். அவள் பின்னாலேயே நின்று, "இங்க இருக்கறேன்ப்பா" என்றால், திரும்பிப் பார்த்து நடுங்கினார். அவள் போட்ட சோற்றைத் தொடவில்லை. மருந்து கலந்திருப்பாளாம். அறுபத்திரண்டு கிலோ இருந்தவர் ஐம்பத்தொன்றுக்கு வந்தார்.

மருத்துவரம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார். "முகத்தை அவரு கண்ணு சரியா அடையாளம் கண்டுக்குது. ஆனா பாத்ததும் 'இது நம்ம ஆளு'ன்னு உள்ள ஒண்ணு சொல்லுமில்லீங்களா, அது இப்ப சொல்ல மாட்டேங்குது. அதனால மூளையே ஒரு கதை கட்டிக்குது. மறதி நோவுல சிலருக்கு இப்படி வரும். வாதாடாதீங்க. நான்தான்னு நிரூபிக்கப் பாக்காதீங்க. அவரு பொய் சொல்லல, பயப்படறாரு."

போனில் மட்டும் அவள் மகளாக இருந்தாள் என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. ஒருநாள் ஆபீசிலிருந்து கூப்பிட்டபோது, "கண்ணு! எங்க சாமி போயிட்ட?" என்று அவர் குரல் உடைந்தது. "ஊட்டுல எவளோ ஒருத்தி வந்து உக்காந்திருக்கறா. உன்ற சேலையத்தான் கட்டிட்டுத் திரியறா."

அதிலிருந்து அவள் மொட்டைமாடியில் நின்று அவரைக் கூப்பிட்டாள். கீழே ஹாலில் அவர், அவளைப் பற்றி அவளிடமே குற்றம் சொன்னார். அவள்மேல் அடிக்கும் குழம்பு வாசம், அவள் நடக்கும் சத்தம், அவள் தன்னைப் பார்க்கும் பார்வை. சில நாள் கீழே இறங்கி வரும்போது, அந்தப் பொம்பளையை நினைத்து அவளுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

இல்லத்தில் சேர்க்கலாம் என்று பேச்செடுத்தபோது சின்னத்தாயி அத்தை கொதித்தாள். அப்புசாமியின் தங்கை அவள். "பெத்த அப்பனக் கொண்டுபோய் அடைச்சுப்போட்டு நீ ஊட்ல சோறு தின்னுருவியா?"

மோகனப்பிரியா கிருபாசங்கரோடு மூன்று இடங்களைப் போய்ப் பார்த்தாள். முதல் இடத்தில் பளிங்குத் தரை. எல்லாக் கதவுக்கும் வெளியே தாழ்ப்பாள். இரண்டாவது இடத்தில் எல்லோரையும் டிவிக்கு முன்னால் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். யாரும் டிவியைப் பார்க்கவில்லை. காரமடையில் நர்ஸ் பிரவீனா ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். என்ன சொல்லிக் கூப்பிட்டால் பிடிக்கும், எத்தனை மணிக்கு எழுவார், சட்டையில் எந்தக் கையை முதலில் நுழைப்பார்.

"அவருக்கு எது பயமுங்க?"

"நாந்தானுங்க" என்றாள் மோகனப்பிரியா.

பிரவீனா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

அவரைச் சம்மதிக்க வைத்ததும் போன்தான். மாடியில் நின்றுகொண்டு, "கொஞ்ச நாளைக்கு ஒரு எடத்துல இருங்கப்பா. அந்தப் பொம்பளயே கார்ல கூட்டிட்டு வருவா. அவ நல்லவதான், பயப்படாதீங்க" என்றாள். "நீ சொன்னாச் சரி கண்ணு" என்றார். மறுநாள் காரில் பின்சீட்டின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, வழி நெடுக அவள் பின்தலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இல்லத்தில் அவர் சாப்பிட்டார். அங்கே இருந்த எல்லோரும் வேற்றாட்கள். வேற்றாட்கள் மாதிரியேதான் இருந்தார்கள். எடை இரண்டு கிலோ ஏறியது.

"கண்ணு" என்றார் அப்புசாமி போனில்.

"சொல்லுங்கப்பா."

"அவ இன்னைக்கும் வந்திருக்கறா."

மோகனப்பிரியா நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அவர் நேராகக் காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினமும் வர்றா. அந்தக் காருக்குள்ளயே உக்காந்திருக்கறா. உள்ள வர்றதில்ல. என்னதான் வேணுமோ தெரியல. பாவம், வெயில்ல வேகறா. உள்ள வரச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கப்பா" என்று சொல்லி, இணைப்பைத் துண்டித்து, போனைப் பைக்குள் போட்டாள்.

பிரவீனா வந்து கேட்டைத் திறந்துவிட்டாள். "அவரேதாங்க கூட்டிட்டு வரச் சொன்னாரு. மெதுவா வாங்க. கிட்டப் போய்க் கையப் புடிச்சறாதீங்க."

புங்கமரத்தடியில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தார்கள். "வாங்க, உக்காருங்க" என்றார் அப்புசாமி. முகத்தில் பயமில்லை. ஆனால் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்.

"வந்துட்டா கண்ணு. பக்கத்துலதான் உக்காந்திருக்கறா… ம்… ம்…"

மோகனப்பிரியா பையைத் தொட்டுப் பார்த்தாள். போன் உள்ளேதான் இருந்தது.

"அப்படியா? எப்ப இருந்து?… சரி, நாஞ் சொல்றேன்." அவர் போனைச் சற்று நகர்த்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, காத்தால இருந்து ஒண்ணுமே சாப்பிடலீங்களாமா. என்ற புள்ள சொல்றா."

காலையில் மகள் நவ்யாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு அவசரமாக ஓடியவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அது கிருபாசங்கருக்கும் தெரியாது.

அவர் மடியிலிருந்த தட்டில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் ஒன்று இருந்தது. அதை இரண்டாகப் பிட்டு, பெரிய துண்டை அவளிடம் நீட்டினார். "சாப்பிடுங்க. இங்க மருந்தெல்லாம் கலக்க மாட்டாங்க."

அவள் வாங்கிச் சாப்பிட்டாள். முழுதாக விழுங்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனையும் நீட்டினார்.

"உங்ககிட்டப் பேசணுங்கறா."

போனின் முகப்பில் வெளிச்சம் இல்லை. அவள் வாங்கிக் காதில் வைத்தாள். அவர் காதின் சூடு அதில் இருந்தது. வேறொன்றும் இல்லை. அவர் கண்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள், "சொல்லுங்க" என்றாள். கொஞ்சம் காத்திருந்தாள். "சரிங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். எதற்காக அவ்வளவு நேரம் கவனமாகக் கேட்டோம் என்று பின்னால் பலமுறை அவள் யோசித்ததுண்டு.

"என்ன சொல்றா?"

"உங்களப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னாங்க."

"சொல்லுவா" என்றார் அப்புசாமி. அவருக்குச் சிரிப்பு வந்தது. "அவ அப்படித்தான்."

நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவள் எழுந்து போகவில்லை. எட்டு மாதத்தில் முதன்முறையாக அவருக்கு ஒருமுழ தூரத்தில் உட்கார்ந்து, அவர் நெற்றியை, நரைத்த புருவத்தை, மிச்சக் கச்சாயத்தைப் பிடித்திருந்த விரல்களைத் தீரப் பார்த்தாள். தூங்குகிறார் என்றே நினைத்தாள். மாத்திரையோடு வந்த பிரவீனா அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை துடியலூர் வீட்டு ஹாலில், ஐஸ் பெட்டிக்குள் அப்புசாமி கிடந்தார். கோடி வேட்டிகளும் ரோஜா மாலைகளுமாகச் சொந்தம் வந்தபடி இருந்தது. வாசலில் கிருபாசங்கர் பெருந்துறைச் சொந்தக்காரர்களுக்குப் போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மோகனப்பிரியா சமையலறை நிலைப்படியருகே, அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஒரு பாட்டில் தண்ணீர் யாரோ கேட்டார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் அங்கேயே வந்து நின்றுகொண்டாள்.

சின்னத்தாயி அத்தைதான் அவளைக் கண்டுபிடித்தாள். அழுது வீங்கிய முகத்தோடு அவளைச் சற்று நேரம் பார்த்தாள். போன மாதம் கேட்டதை இப்போது கேட்கவில்லை.

"தள்ளுங்க ஆயா, தள்ளுங்க. பெத்த புள்ள அக்கட்டால நிக்குது பாருங்க. வழி உடுங்க."

வழி விட்டார்கள். அத்தை அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். "பாத்துக்க சாமி. நல்லாப் பாத்துக்க. இனி எப்பப் பாக்கப் போற?"

மோகனப்பிரியா குனிந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பெட்டியின் கண்ணாடி பளபளத்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. கலைந்த தலை, வீங்கிய இமை, கழுத்து மச்சம். அது நேராக அவர் முகத்தின்மேல் போய்ப் படிந்திருந்தது.

அவள் மெல்ல எழுந்து, தன் முகம் அவர்மேல் விழாத இடமாகப் பார்த்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.