டிரைவர் சீட்டில் புளி மூட்டை

காலி வண்டியில் அளந்தால் மட்டம் சரியாகத்தான் காட்டும், இவன் ஏறி உட்கார்ந்தால்தானே சாயும் என்று புவனா நினைத்துக்கொண்டாள். நாளைய ரேஸுக்காகத் தம்பி கோகுல்ராஜ் கார் தரையை ஒட்டி நிற்கும்படி நாலு ஸ்பிரிங்கையும் இறக்கியிருந்தான். அவன் எடைக்கு ஈடாக, ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் கட்டி வைத்திருந்த புளி மூட்டைகளை டிரைவர் சீட்டில் ஏற்றி, தரையிலிருந்து நாலு மூலையின் உயரத்தையும் அவள் மறுபடி அளந்தாள். வலது முன்சக்கரத்துப் பக்கம் ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தது.

“இன்னாக்கா, மூட்டையா ரேஸ் ஓட்டப் போவுது? இருட்றதுக்குள்ள மலை எறங்கணும், சாவியக் குடு.”

வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துவிடும். அது தெரிந்தும், அவன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு மனசு இளகியது. இந்த ஆசையை அவளும் சேர்ந்துதானே வளர்த்தாள்.

“அந்த மூலைய ஏத்தாம தர மாட்டேன் கோகுலு,” என்றாள் மெதுவாக.