உப்பு நக்க வந்த ஆடு

என் ஹாம் ரேடியோவுக்கு ஏரியலாக வீட்டுக் கூரையிலிருந்து புஞ்சை வேப்பமரம் வரை எழுபது மீட்டர் செம்புக் கம்பி கட்டியிருந்தேன். மின்னல் விழுந்தால் மண்ணுக்குள் இறங்கட்டும் என்று ஜன்னலுக்கு வெளியே இருபதடி தள்ளி எர்த் கம்பியும் அடித்தேன். சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்க, அது ஆடும் பல்லாக நின்றது. அதைச் சுற்றிக் குழி வெட்டி, ஈரம் நிற்க உப்பும் கரியும் போட்டு, தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

"கம்பிக்குத் தண்ணி ஊத்துதீங்களே, காய்க்குமா?" என்பாள் என் மனைவி ராமலட்சுமி. காய்க்கவில்லை. உப்பு நக்க அவளுடைய வெள்ளாடுதான் வந்தது.

அன்று மதியம் மூன்று மணிக்கே கயத்தாறு பக்கம் இருட்டிவிட்டது. ரேடியோவில் படபடவென்று இரைச்சல். இடி நெருங்குகிறது. செம்புக் கம்பியை ரேடியோவிலிருந்து எர்த்துக்கு மாற்றும் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கினேன். இனி மின்னல் விழுந்தால் நேரே குழிக்குப் போய்விடும். நிம்மதியாக ஜன்னலைப் பார்த்தேன்.

குழிக்குள் நின்று ராமலட்சுமி ஆட்டை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, அதை விட்டுட்டு ஓடி வா!"

"இந்தா வாரேன். கயிறு கம்பில சிக்கிட்டு!"

மழை இறங்கியது. இடித்த இடியில் ஜன்னல் அதிர்ந்தது. கைப்பிடியை மேலே தூக்கினால் மின்னல் அவளிடம் போகாது. இந்த அறைக்குள், என்னிடம் வரும். கைப்பிடியைப் பிடித்தேன். தூக்கினேன் என்று சொல்ல ஆசைதான். கை அசையவில்லை. அவள் செத்துவிடுவாள் என்று பயந்தேன். நான் செத்துவிடுவேன் என்றும் பயந்தேன். இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது.

மறுபடி மின்னல் வெட்டியது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது குழியருகே யாரும் இல்லை. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"எதுக்குக் கத்துதீங்க?" வாசலில் நின்றாள். தோளில் ஆடு, முழங்கால் வரை கரிசல் சேறு. இடி எங்கோ ஊருக்கு வெளியே விழுந்திருந்தது.

அவள் பார்வை என் கைமேல் நின்றது. அந்தச் சுவிட்ச் எதற்கென்று அவளுக்குத் தெரியும். நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

"எனக்காகவா அதைத் தூக்கிவிட்டீங்க?" அவள் குரல் உடைந்தது.

கைப்பிடி கீழேதான் இருந்தது. உடம்பால் அதை மறைத்துக்கொண்டு, "ஆமா" என்றேன்.

மறுநாளிலிருந்து அவள் என்னைக் கேலி செய்வதில்லை. குழிக்கு அவளே தண்ணீர் ஊற்றுகிறாள்.